"சதிர்" என்ற பெயர் எங்கிருந்து வந்தது? அரசவையா, பழந்தமிழா?

அடவுமாணவி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பந்தநல்லூர் பாணியில் பரதம் கற்கிறேன். வரும் மாசியில் அரங்கேற்றம். அன்றைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சிறு கையேட்டில், இந்தக் கலையின் பெயரைப் பற்றி அரைப் பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார் ஆசிரியை.

வீட்டில் இருந்த பழைய கையேடுகளை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே இரண்டு வரிகள்: "பாவம், ராகம், தாளம் மூன்றும் சேர்ந்தது பரதம்." "இது முன்பு சதிர் என்று அழைக்கப்பட்டது." அவ்வளவுதான். சதிர் என்றால் என்ன, ஏன் அந்தப் பெயர் என்று ஒருவரும் சொல்லவில்லை. கேட்டுப் பார்த்தால் ஒருவர் மராத்தி என்கிறார், ஒருவர் உருது என்கிறார், இன்னொருவர் சுத்தத் தமிழ் என்று சத்தியம் செய்கிறார். அரைப் பக்கம் என்றாலும் நான் எழுதுவது சரியாக இருக்க வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புனேவாசி எழுதியது:

நல்ல கேள்வி. நான் மராட்டிய மண்ணில் வாழ்கிற தமிழன் என்பதால் இந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

இங்கே பழைய வாடாக்களுக்கும் (பெரிய மாளிகை வீடுகள்) கோட்டைகளுக்கும் போனால் "சதர்" என்று ஓர் இடத்தைக் காட்டுவார்கள். வீட்டின் அல்லது அரண்மனையின் முன்பகுதியில், தலைவர் உட்கார்ந்து ஆட்களைச் சந்திக்கிற, வழக்கு கேட்கிற, கணக்கு பார்க்கிற கூடம். ராய்கட்டில் சிவாஜியின் அரசவைக்கே "ராஜ்சதர்" என்று பெயர். இந்தச் சொல்லின் வேர் அரபு. அங்கே அதற்கு "மார்பு" என்று பொருள். மார்பு என்பதிலிருந்து முன்புறம், முன்புறத்திலிருந்து முதன்மையான இருக்கை, அதிலிருந்து தலைமை என்று பாரசீகம் வழியாக விரிந்து இந்திய மொழிகளுக்குள் வந்தது. டில்லியில் "சதர் பஜார்" இருக்கிறதே, அதே சதர்தான். நம் சென்னையிலும் கும்பெனி காலத்தில் தலைமை நீதிமன்றத்தை "சதர் அதாலத்" என்றார்கள். 1862-இல் உயர் நீதிமன்றம் வந்தபோது அது அதற்குள் கரைந்தது.

தஞ்சையை மராட்டியர் பிடித்தது 1676 வாக்கில். வெங்கோஜி தொடங்கி 1855 வரை, ஏறத்தாழ 180 ஆண்டுகள், அந்த அரண்மனையின் அலுவல் மொழிகளில் ஒன்று மராத்தி. சதரில் ஆடியது சதர் ஆட்டம், வாய்வழக்கில் சதிர். என் வரையில் இதில் பெரிய மர்மம் இல்லை.

மாலிருஞ்சோலை எழுதியது:

புனேவாசி ஐயாவுக்கு வணக்கம். மர்மம் இல்லை என்று அவ்வளவு சீக்கிரம் முடித்துவிட முடியாது என்பது என் எண்ணம்.

மராட்டியர் தஞ்சைக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம்மாழ்வார் பாடிவிட்டார்: "சதிர் இள மடவார் தாழ்ச்சியை மதியாது, அதிர்குரல் சங்கத்து அழகர்தம் கோயில்." திருவாய்மொழி இரண்டாம் பத்து, கடைசித் திருமொழி. சதிர் என்ற சொல் அப்படியே, ஓர் எழுத்தும் மாறாமல், இளம்பெண்களுக்கு அடையாக நிற்கிறது. அழகர்மலைக்குப் போகிறவர்கள் இன்றும் இதைச் சொல்லிக்கொண்டே படியேறுகிறார்கள்.

திருவாசகத்தில் "தந்தது உன்தன்னைக் கொண்டது என்தன்னைச் சங்கரா ஆர்கொலோ சதுரர்" என்று மணிவாசகர் கேட்கிறார். கொடுக்கல் வாங்கலில் யார் கெட்டிக்காரர், நீயா நானா என்று. சதுர், சதிர் இரண்டும் திறமை, சாதுரியம், பெருமை என்ற பொருளில் பக்தி இலக்கியத்தில் புழங்கிய சொற்கள். இது வடமொழி "சதுர" என்பதோடு உறவுடையது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தமிழில் வேரூன்றி ஆயிரம் ஆண்டு ஆன சொல். சாதுரியமும் எழிலும் உள்ள பெண் ஆடுவது சதிராட்டம் என்று ஏன் வந்திருக்கக் கூடாது?

சொல்வேட்டை எழுதியது:

மாலிருஞ்சோலை ஐயா காட்டிய இரண்டு வரிகளும் சரியானவை. அவை நிறுவுவது எதை என்பதில்தான் எனக்குக் கேள்வி.

ஒரு சொல் பழைய நூலில் இருக்கிறது என்பது ஒன்று. அந்தச் சொல் இந்த ஆட்டத்தின் பெயராக அங்கே இருக்கிறது என்பது வேறொன்று. ஆழ்வார் பாட்டில் சதிர் என்பது அந்தப் பெண்களின் இயல்பு. அவர்கள் ஆடினார்கள் என்றுகூட அங்கே இல்லை. மணிவாசகரின் சதுரர் பேரத்தில் வென்றவர். நமக்கு வேண்டியது சதிர் என்றால் ஆட்டம் என்று பொருள் தரும் பழைய வரி.

அப்படி ஒன்று இருந்திருக்க வேண்டுமானால் சோழர் கல்வெட்டுகளில் இருந்திருக்க வேண்டும். ஆடுகிறவர்களைப் பற்றி அவ்வளவு விரிவாக எழுதிவைத்தவர்கள் வேறு யாரும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் வெட்டிவைத்த கல்வெட்டைப் பாருங்கள். சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் ஆடல் மகளிரை, கொண்டுவந்து குடியமர்த்தினான். ஒவ்வொருவர் பெயர், அவர் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார், எந்தத் தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, எல்லாம் கல்லில் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். நட்டுவம் செய்தவர்கள் (ஆட்டத்தைப் பயிற்றி நடத்தியவர்கள்), பாடியவர்கள், உடுக்கை வாசித்தவர்கள் என்று பட்டியல் நீள்கிறது. மற்றக் கல்வெட்டுகளில் சாந்திக்கூத்து வருகிறது, சாக்கைக்கூத்து வருகிறது, ஆரியக்கூத்து வருகிறது. கூத்து, ஆடல், நட்டம் என்பவைதான் அன்றைய சொற்கள். சதிர் அந்த வரிசையில் உட்காரவில்லை.

ஆகவே ஆட்டத்தின் பெயராக அது பிற்காலத்து வரவு என்றே நான் கொள்கிறேன். அதே சமயம் புனேவாசி சொன்ன சதர் ஏன் "சதிர்" ஆனது என்பதற்கு விடை மாலிருஞ்சோலை ஐயாவின் வரிகளில் இருக்கிறது. காதில் விழுந்த அயற்சொல், நாக்கு ஏற்கெனவே அறிந்த ஒரு சொல்லின் உருவத்தை எடுத்துக்கொண்டது. பழைய சதிருக்கு எழில், திறமை என்ற மணம் இருந்ததால் புதிய சதிர் அந்த மணத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டது. இன்றும் "அவள் கண்ணில் கனவுகள் சதிராடின" என்று கதை எழுதுகிறவர்கள் எழுதுகிறார்கள் அல்லவா, அந்த இடத்தில் எந்த அரண்மனைக் கூடமும் யார் மனதிலும் வருவதில்லை.

ஜதிபிரியன் எழுதியது:

அபிநயத்தில் "சதுரம்" என்று ஒரு கை முத்திரை இருக்கிறது. சதுரச்ர நடை இருக்கிறது. சதிர் அதிலிருந்து வந்திருக்கலாமே?

சொல்வேட்டை எழுதியது:

அபிநய தர்ப்பணம் என்ற வடமொழி நாட்டிய நூல் சொல்லும் ஒற்றைக் கை முத்திரைகள் 28. சதுரம் அவற்றில் ஒன்று. பதாகமும் திரிபதாகமும் அதைவிட அதிகமாகப் புழங்குபவை. இருபத்தெட்டில் ஒன்றை எடுத்து முழுக் கலைக்கும் பெயர் வைக்கக் காரணம் வேண்டும். எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

கச்சேரிரோட்டுக்காரன் எழுதியது:

சதர் சதிரானது என்ற கருத்துக்கு நான் ஒரு சாட்சி கொண்டுவருகிறேன். என் தெருவின் பெயரே அதற்குச் சாட்சி.

மயிலாப்பூரில் கச்சேரி சாலை. வெளியூர்க்காரர்கள் "ஆஹா, சங்கீதக் கச்சேரி நடந்த தெரு" என்று நினைத்துக்கொள்வார்கள். இது அலுவலகம் என்ற பொருளில் வந்த கச்சேரி. தாலுகா கச்சேரி, கலெக்டர் கச்சேரி என்று நம் பெரியவர்கள் சொன்னார்களே, அதுதான். இந்துஸ்தானியிலும் மராத்தியிலும் கச்சேரி என்றால் அரசாங்க வேலை நடக்கிற இடம், மன்றம். அந்தச் சொல் தமிழுக்கு வந்து, ஆள் கூடுகிற சபை என்றாகி, சபையில் நடக்கிற பாட்டு என்றாகி, இன்றைக்கு டிசம்பரில் "யார் கச்சேரி?" என்று கேட்டால் கலெக்டர் ஞாபகம் யாருக்கும் வராது.

இடத்தின் பெயர் நிகழ்ச்சிக்குத் தாவுவது இந்த மண்ணில் நடந்திருக்கிறது, அதுவும் அதே நிர்வாக மொழியிலிருந்து வந்த சொல்லுக்கு நடந்திருக்கிறது. பழைய ஆட்கள் "சதிர்க்கச்சேரி" என்று சேர்த்தே சொன்னார்கள். இரண்டு பாதியும் அரசு அலுவல் நடந்த கூடத்திலிருந்து வந்தவை.

ஆந்திரக் கரையோரத்திலும் பாருங்கள். கலாவந்துலு பெண்கள் கோயிலில் ஆடியதற்கு ஒரு பெயர், பெரிய மனிதர்கள் வீட்டில் ஆடியதற்கு "மேஜுவாணி" என்று வேறு பெயர். அது விருந்தோம்பலைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. ஆட்டத்துக்குத் தக்காண அரசவைகளின் சொல்லைச் சூட்டுவது அன்றைய வழக்கம்.

நீங்கள் ஆடும் மார்க்கத்துக்குள்ளேயே, அதாவது உருப்படிகளின் வரிசைக்குள்ளேயே, அது இருக்கிறது, அடவுமாணவி. சப்தம் என்ற உருப்படியின் முடிவில் "சலாமு" வருமே, யாருக்குச் சொல்கிற சலாம் அது? எதிரே உட்கார்ந்திருந்த அரசனுக்கு. தில்லானா வடக்கத்தித் தரானாவின் மறுபிறப்பு. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி (1798 முதல் 1832 வரை ஆண்டவர்) இந்த ஆட்டத்துக்கென்றே மராத்தியில் "நிரூபணம்" என்ற உருப்படித் தொகுப்புகளை இயற்றியிருக்கிறார். சரஸ்வதி மகால் அதைப் பதிப்பித்திருக்கிறது. அவர் அவையில் இருந்தவர்கள்தான் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு நால்வர். உங்கள் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அந்த வழியில் வந்தவர்.

மாலிருஞ்சோலை எழுதியது:

கச்சேரி உவமை வலுவானது, ஏற்கிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. அரசவை ஆட்டம் என்ற கருத்தே மராட்டியரோடு வந்தது போல இழை போய்க்கொண்டிருக்கிறது. அரசன் முன் ஆடும் ஆட்டத்துக்குத் தமிழில் தனிப்பெயர் இருந்தது. வேத்தியல்.

வேந்து, இயல். வேந்தனுக்கு உரியது வேத்தியல், ஊர்ப் பொதுமக்களுக்கு உரியது பொதுவியல். மணிமேகலை "வேத்தியல் பொதுவியல் என்று இரு திறத்துக் கூத்தும் பாட்டும்" என்கிறது. சிலம்பும் ஊர்காண் காதையில் இதே இரண்டைச் சொல்கிறது. ஆட்டம் எதைச் சொல்கிறது, எப்படி ஆடப்படுகிறது என்பதையெல்லாம் விட்டுவிட்டு, யார் முன்னால் நடக்கிறது என்பதை வைத்து வகை பிரித்திருக்கிறார்கள். சதர் என்ற கூடத்தின் பெயரால் ஆட்டத்தை அழைத்ததும் அதே கண்ணோட்டம்தான். சொல் புதிது, பார்வை பழையது.

அடவுமாணவிக்கு இன்னொன்று. உங்கள் விழாவின் பெயர் "அரங்கேற்றம்" அல்லவா? சிலம்பின் மூன்றாம் காதை அரங்கேற்று காதை. மாதவி ஐந்து வயதில் கற்கத் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் "சூழ்கழல் மன்னற்குக் காட்டல் வேண்டி" மேடை ஏறுகிறாள். மன்னனுக்குக் காட்டத்தான் அரங்கேற்றம். மேடையின் அளவு வரை இளங்கோ தருகிறார்: ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். அரங்கில் வைத்து வணங்கும் தலைக்கோல் என்ன தெரியுமா? போரில் தோற்றோடிய மன்னனிடமிருந்து பறித்த வெண்கொற்றக் குடையின் காம்பு. அதற்குப் பொன் பூண் கட்டி, மணி பதித்து, பொற்குடத்து நீரால் நீராட்டி, யானையோடும் தேரோடும் வலம் வந்து அரங்கில் நிறுத்துவார்கள். ஆடி முடித்தவளுக்கு அரசன் பச்சை மாலையும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் தருகிறான், தலைக்கோலி என்ற பட்டத்தோடு. அந்தப் பட்டம் சோழர் கல்வெட்டுகளிலும் ஆடல் மகளிர் பெயரோடு ஒட்டி வருகிறது.

அரசவை ஆட்டத்தின் பெயரை எழுதுகிறீர்கள் என்றால் வேத்தியலை விட்டுவிடாதீர்கள்.

நல்லூர்வீதி எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுறன். எங்கட ஊரில பழைய ஆக்கள் இதைச் சதிர் எண்டு சொல்லிறது குறைவு. "சின்னமேளம்" எண்டுதான் சொல்லுவினம். கோயில் திருவிழாவில இந்தியாவில இருந்து சின்னமேளம் பிடிச்சாச்சாம் எண்டால் ஊரே திரண்டிடுமாம். என்ர அம்மம்மா இதை ஆசையோட சொல்லுவா, அம்மப்பா கண்டிச்சுச் சொல்லுவார்.

நாகசுரமும் தவிலும் பெரிய மேளம். ஆட்டத்துக்கு வாசிக்கிற தாளம், மத்தளம், முகவீணை, துத்தி இதெல்லாம் சேர்ந்தது சின்ன மேளம். தமிழ்நாட்டிலயும் இந்தப் பெயர் இருந்ததுதான், ஆனால் எங்களிட்ட அது கன காலம் நிலைச்சுது. எங்களிட்ட 19ஆம் நூற்றாண்டில சலாம் வைக்க அரசனும் இல்லை, சதரும் இல்லை. கோயில் வீதிதான் அரங்கு. அதனால மேளத்தின்ர பெயர் ஒட்டியிருக்கும் எண்டு நினைக்கிறன். ஆறுமுக நாவலர் நல்லூர்க் கோயிலில நடந்த இந்த ஆட்டத்தைக் கடுமையாக் கண்டிச்சவர். அதுக்குப் பிறகும் பல கோயில்களில நடந்துகொண்டுதான் இருந்தது.

கச்சேரிரோட்டுக்காரன் எழுதியது:

நல்லூர்வீதி, இது மிக முக்கியமான தகவல். கோயிலில் மேளத்தின் பெயர், அரண்மனையிலும் பெரிய வீடுகளிலும் கூடத்தின் பெயர். ஒரே ஆட்டம், ஒரே ஆட்கள்.

அடவுமாணவி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நான் எதிர்பார்த்ததைவிட எவ்வளவோ கிடைத்துவிட்டது. இன்னொரு பாதி பாக்கி இருக்கிறது. பரதநாட்டியம் என்ற பெயரில் உள்ள பரதம்? பாவம், ராகம், தாளம் என்பதை எழுதலாமா? எங்கள் வகுப்பில் குழந்தைகளுக்கு முதல் நாளே அதைத்தான் சொல்லித் தருகிறோம்.

சொல்வேட்டை எழுதியது:

குழந்தைகளுக்கு நினைவில் நிற்க நல்ல சூத்திரம். கலைக்கு எவை மூன்றும் தேவை என்று சொல்லவும் உதவும். பெயரின் பிறப்பு என்று எழுதாதீர்கள்.

எழுத்தை மட்டும் பாருங்கள். பாவத்தில் பா நெடில். ராகத்தில் ரா நெடில். தாளத்தில் தா நெடில். மூன்று நெடிலையும் சேர்த்தால் வருவது "பாராதா". பரதம் என்பதிலோ ப, ர, த மூன்றும் குறில். வடமொழியில் குறில் நெடில் மாறினால் சொல்லே மாறிவிடும். முதலெழுத்துகளைச் சேர்த்துப் பெயர் செய்கிறவன் மூன்றையும் ஒன்று விடாமல் குறுக்கியிருக்கிறான் என்று நம்ப வேண்டியிருக்கும்.

உண்மையான பொருள் அருகிலேயே இருக்கிறது. அமரகோசம் என்ற வடமொழி நிகண்டில் நடிகரைக் குறிக்கும் சொற்களில் ஒன்று "பரதர்". நாட்டிய சாத்திரத்திலேயே பரதர் என்பது ஒரு முனிவர் பெயராகவும் வருகிறது, நாடகக் குழுவினரைக் குறிக்கும் பன்மையாகவும் வருகிறது. கூத்தரின் கலை பரதம், அதை எழுதியவராகச் சொல்லப்படுகிறவர் பரதர்.

தமிழில் இது எவ்வளவு பழையது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. சிலம்புக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார், மறைந்துபோன நாடகத் தமிழ் நூல்களைச் சொல்லும்போது பரதம், அகத்தியம் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்கிறார். பரத சேனாபதீயம் என்று ஒரு நூலையும் குறிப்பிடுகிறார். பின்னால் மகாபரத சூடாமணி என்ற தமிழ் நூல் வருகிறது. ஆக, தமிழில் பரதம் என்றால் பல நூற்றாண்டுகளாக ஆடற்கலையின் இலக்கணம், அந்த இலக்கணத்தைச் சொல்லும் நூல். தலைக்கோல் ஆசானும் நட்டுவனாரும் அறிந்த சொல். அது வெளியிலிருந்து 1930களில் கொண்டுவந்து ஒட்டியதல்ல. இலக்கணத்தின் பெயர் ஆட்டத்தின் பெயராக மாறியதுதான் 1930களில் நடந்தது.

"பாரதநாட்டியம்" என்று நீட்டி எழுதும் வழக்கமும் இருக்கிறது. அது நாட்டின் பெயரோடு போட்டுக் குழப்பியது. கையேட்டில் அச்சுப்பிழையாகக்கூட அது வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேளக்காரத்தெரு எழுதியது:

இழையை முதலிலிருந்து படித்தேன். சொல்லின் வேரைத் தேடுவதில் எல்லோரும் காட்டிய அக்கறை மகிழ்ச்சி தருகிறது. பெயர் மாறிய கதையையும் ஒருவர் சொல்ல வேண்டும். தலைமுறையாகச் சதிர் ஆடிவந்த வீடுகளில் ஒன்றிலிருந்து வந்தவள் நான் என்பதால் சொல்கிறேன்.

என் பாட்டியின் அம்மா ஆடியவர். பாட்டி வீட்டுக்குள் "சதிர்" என்பார், வாசலில் ஆள் வந்தால் அந்தச் சொல்லை எடுக்க மாட்டார். ஏன் என்று வளர்ந்த பிறகுதான் புரிந்தது. 1892-இலேயே நாட்டியக் கச்சேரிகளைப் பகிஷ்கரிக்கக் கோரும் இயக்கம் சென்னையில் தொடங்கிவிட்டது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927-இல் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். 1947-இல், சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. எங்கள் வீட்டுப் பெண்களே இரண்டு பக்கமும் நின்றார்கள். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அந்த முறையை ஒழிக்க ஊர் ஊராகப் பேசினார். பெங்களூர் நாகரத்தினம்மாள் எங்கள் கலையையும் நிலத்தையும் பறிக்காதீர்கள் என்று மனு கொடுத்தார். இருவருக்கும் நியாயம் இருந்தது. சிறுமியைப் பொட்டுக்கட்டிவிடும் வழக்கம் போக வேண்டியதுதான். அதோடு சேர்ந்து ஆடுகிறவளின் பெயரும் மானமும் போனது அநியாயம். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

அந்தக் காலத்தில்தான் வக்கீல் இ. கிருஷ்ணய்யர் கலையைக் காப்பாற்றியாக வேண்டும் என்று கிளம்பினார். தானே பெண்வேடம் கட்டி ஆடியவர். 1932 கடைசியில் அவருக்கும் முத்துலட்சுமி அம்மையாருக்கும் பத்திரிகைகளில் பெரிய வாதம் நடந்தது. அவர் செயலாளராக இருந்த சென்னை மியூசிக் அகாதெமி, கல்யாணியின் மகள்கள் ராஜலட்சுமி, ஜீவரத்தினம் இருவரையும் 1931-இலும், மறுபடி 1933 சனவரி முதல் நாளிலும் மேடை ஏற்றியது. சதிர், நாட்ச் (ஆங்கிலேயர் வழங்கிய பெயர்) என்ற பெயர்களின் மேல் ஏறிய கறையிலிருந்து ஆட்டத்தைப் பிரித்தெடுக்க வேண்டும் என்பதற்காகப் பரதநாட்டியம் என்ற பெயரை அவர் விடாமல் முன்வைத்தார். 1935 டிசம்பரில் அடையாறில் ருக்மிணி தேவி ஆடினார். அடுத்த ஆண்டு அவர் தொடங்கிய கலாக்ஷேத்ரா கலைப்பள்ளி வந்தது. பெயர் நிலைத்துவிட்டது.

கலைக்கு மரியாதை வந்தது. அதை ஆடிவந்தவர்களுக்கு மேடை சுருங்கியது. பாலசரஸ்வதி அம்மா போல எதிர்த்து நின்று வென்றவர்கள் சிலர். 1973-இல் மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்ற முதல் நாட்டியக் கலைஞர் அவர். மற்றப் பலர் சலங்கையைக் கழற்றி வைத்துவிட்டுப் பிள்ளைகளை வேறு வேலைக்கு அனுப்பினார்கள்.

விராலிமலை முத்துக்கண்ணம்மாள் அம்மா தான் ஆடுவதை இன்றும் சதிர் என்றே சொல்கிறார். 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது நாளிதழில் அந்தச் சொல் அச்சாகி வந்ததைக் கண்டு எங்கள் வீட்டில் எல்லோரும் அழுதோம்.

ஜதிபிரியன் எழுதியது:

அக்கா, மனதைத் தொட்டது. அப்படியானால் இனி எல்லோரும் சதிர் என்றே சொல்லலாமே? பரதநாட்டியம் என்ற பெயரையே விட்டுவிடலாம்.

மேளக்காரத்தெரு எழுதியது:

தம்பி, நான் அதற்கு உடன்படவில்லை. பாலாம்மாவே தன் கலையைப் பரதநாட்டியம் என்றுதான் சொன்னார். சொல்வேட்டை காட்டியதுபோல் பரதம் எங்கள் நட்டுவனார்களுக்கும் உரிய சொல். அதை இன்னொருவர் சொத்தாக விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை.

இப்போது சிலர் தாங்கள் ஆடுவதைச் "சதிர்" என்று விளம்பரம் செய்கிறார்கள். எங்கள் பெரியவர்களிடம் உட்கார்ந்து பதமும் ஜாவளியும் பாடம் பண்ணி, அவர்கள் பெயரைச் சொல்லி ஆடுகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். உடையை மட்டும் மாற்றிக்கொண்டு பெயரை எடுத்துக்கொள்கிறவர்களை ஏற்க முடியவில்லை. எங்கள் பாட்டிகள் அந்தச் சொல்லுக்காக அவமானப்பட்டார்கள். அவர்களின் உருப்படிகளைத் தெரியாமல் அந்தச் சொல்லை மட்டும் அணிந்துகொள்ளக் கூடாது.

புனேவாசி எழுதியது:

அம்மா சொன்னதற்குப் பிறகு ஒன்று தோன்றுகிறது. இதுவரை வந்த பெயர்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். வேத்தியல் பார்ப்பவனின் பெயர். சதிர் கூடத்தின் பெயர். சின்னமேளம் வாத்தியத்தின் பெயர். பரதம் நூலின் பெயர். தாசி ஆட்டம் ஒன்றுதான் ஆடுகிறவளைக் குறித்த பெயர், அதைத்தான் வசைச்சொல்லாக்கி முதலில் தூக்கி எறிந்தார்கள்.

மாலிருஞ்சோலை எழுதியது:

ஒரு திருத்தம். தலைக்கோலியும் ஆடுகிறவளைக் குறித்த பெயர். அது பட்டம். அந்தப் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லித் தாங்களே கோயிலுக்குக் கொடை கொடுத்த கல்வெட்டுகள் இருக்கின்றன.

அடவுமாணவி எழுதியது:

நேற்று இரவு உட்கார்ந்து எழுதிய வரைவு இதோ. தயவுசெய்து பார்த்துச் சொல்லுங்கள்.

"அரசன் முன் ஆடும் கூத்தைப் பழந்தமிழர் வேத்தியல் என்றனர். சோழர் காலத்தில் கோயில்களில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகளின் கலை கூத்து, ஆடல் என்று வழங்கியது. தஞ்சை மராட்டியர் காலத்தில் அரசவைக் கூடத்தைக் குறித்த சதர் என்ற சொல்லிலிருந்து சதிர் என்ற பெயர் வந்ததாகக் கொள்ளலாம். திறமை, எழில் என்று பொருள்படும் பழைய தமிழ்ச் சொல்லான சதிர் அதற்கு உருவம் தந்தது. கோயில் வீதியில் இதே ஆட்டம் சின்னமேளம் எனப்பட்டது. கூத்தரையும் கூத்து இலக்கணத்தையும் குறித்த பரதம் என்ற சொல், 1930களில் பரதநாட்டியம் என்று இக்கலையின் பொதுப்பெயராக நிலைபெற்றது. தலைமுறை தலைமுறையாக இக்கலையைக் காத்துத் தந்தவர்கள் தேவரடியார் மரபுப் பெண்களும் நட்டுவனார்களும் ஆவர்."

சொல்வேட்டை எழுதியது:

"கொள்ளலாம்" என்று போட்டது சரியான அளவு. அதை "வந்தது" என்று மாற்றச் சொன்னால் மாற்றாதீர்கள். "பழந்தமிழர்" என்பதற்குப் பதில் "சிலப்பதிகாரமும் மணிமேகலையும்" என்று நூல் பெயரைப் போடுங்கள், படிக்கிறவர் தேடிப் பார்க்க வழி இருக்கும்.

கச்சேரிரோட்டுக்காரன் எழுதியது:

சலாமையும் ஒரு வரியில் சேர்க்க முடியுமா? அன்று சப்தம் ஆடுவீர்கள்தானே. மேடையில் சலாம் வைக்கும்போது பார்க்கிறவர்களுக்கு அது எந்தக் கூடத்துச் சலாம் என்று தெரிந்திருக்கும்.

மேளக்காரத்தெரு எழுதியது:

கடைசி வரியைப் படித்ததும் நிம்மதியாக இருந்தது, கண்ணு. அதைக் கடைசியில் வைக்காமல் முதலில் வை. நட்டுவனார்கள் என்று பொதுவாகச் சொன்னதோடு மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பெயரையும் எழுது. உன் அடவு அவர் வீட்டிலிருந்து வந்தது. கல்யாணி மகள்கள் ராஜலட்சுமி, ஜீவரத்தினம் பெயரையும் இடம் இருந்தால் போடு, அவர்களும் அவரிடம் கற்றவர்களே.

அடவுமாணவி எழுதியது:

மூன்று பேரையும் சேர்த்துவிட்டேன், அக்கா. கடைசி வரி முதலுக்குப் போய்விட்டது. சலாமுக்கும் ஒரு வரி கிடைத்தது. ஆசிரியையிடம் காட்டினேன். பாவ ராக தாளம் எங்கே என்று கேட்டார். குறில் நெடில் கணக்கைச் சொன்னேன். யோசித்துவிட்டு, வகுப்பில் அதைத் தொடர்ந்து சொல்லித் தருவோம், கையேட்டில் வேண்டாம் என்றார். சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது.